சேர்க்கை சரியில்லாத கணினி

குடத்துக்கும் கடத்துக்கும் என்ன வித்தியாசம்? குடத்தில் தண்ணீர் எடுப்பார்கள், கடத்தில் எடுக்க மாட்டார்கள். மானாமதுரைக்காரர்கள் இதைக் கேட்டால் சண்டைக்கு வருவார்கள். மண்ணைப் பிசைவதே வேறு மாதிரி, அதில் உலோகத் தூள் சேர்க்க வேண்டும், தட்டித் தட்டிச் சுவரின் கனத்தை ஒரே சீராகக் கொண்டுவர வேண்டும் என்று பாடம் எடுப்பார்கள். எல்லாம் நியாயம்தான். ஆனாலும் முதன்முதலில் எவனோ ஒருவன் தாளம் போட்டுப் பார்த்த பானை தண்ணீர்ப் பானையாகத்தான் இருந்திருக்கும். அன்றைக்கு அவன் வீட்டுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்திருக்காது. ஜலதரங்கக் கிண்ணங்களின் பூர்வீகத்தைத் துருவினாலும் எந்தச் சாப்பாட்டு அறையில் போய் நிற்குமோ தெரியாது. வேலையிலிருந்து தப்பித்த பாத்திரம்தான் வாத்தியம் என்பது என் கட்சி. இதற்கு என்னிடம் இருக்கும் பலமான சாட்சி 1980களில் அமெரிக்க, ஐரோப்பிய வீடுகளுக்குள் லட்சக்கணக்கில் நுழைந்த பிளாஸ்டிக் பெட்டிகள்: கமடோர் 64, சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம், அமிகா, அட்டாரி எஸ்டி. வீட்டுக் கணக்குப் பார்க்க என்று சொல்லித்தான் வாங்கினார்கள். இன்று அவற்றைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒருவராவது கணக்கைப் பற்றிப் பேசுகிறார்களா? பாட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஐந்து வயதில் கிழடாகிக் காயலான் கடைக்குப் போகவேண்டிய ஒரு சாமான், நாற்பது வயதில் மேடையில் இருக்கிறது. அது எப்படி என்பதுதான் விஷயம்.

வீட்டில் கணினிக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு அதை விற்றவர்களிடமே பதில் இருந்ததில்லை. 1969-ல் நீமன் மார்க்கஸ் என்ற அமெரிக்கப் பணக்காரர் கடை, ஹனிவெல் நிறுவனத்தின் சமையலறைக் கணினியைத் தன் பட்டியலில் போட்டது. விலை 10,600 டாலர். காய் நறுக்கும் பலகை கூடவே பொருத்தியிருக்கும். இன்றைக்கு என்ன சமைக்கலாம் என்று கேட்டால் யோசனை சொல்லும். ஆனால் கேட்பதற்கு முன் வீட்டம்மா இரண்டு வாரப் பயிற்சிக்குப் போய்வர வேண்டும். கேள்வியைச் சுவிட்சுகளைத் தட்டிப் போட வேண்டும், பதில் விளக்குகளாக எரியும், அந்த ஒன்றையும் பூஜ்யத்தையும் கத்தரிக்காயாகப் பெயர்த்துக்கொள்ள வேண்டும். அதற்குள் அடுத்த வீட்டில் ரசம் கொதித்து, தாளித்து, சாப்பிட்டு, பாத்திரமும் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். ஒன்றாவது விற்றதாகச் சான்று இல்லை. பதின்மூன்று வருடம் கழித்து விலை குறைந்ததே தவிர விளம்பரம் மாறவில்லை. 1982 ஏப்ரலில் ஸ்பெக்ட்ரம் 125 பவுண்டிலிருந்து கிடைத்தது, ஆகஸ்டில் கமடோர் 64-க்கு 595 டாலர். வரவு செலவு எழுதலாம், சமையல் குறிப்பு சேர்க்கலாம், பிள்ளைகள் படித்து முன்னேறுவார்கள் என்பதே பாட்டு. பால் கணக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டிவியில் ஓடுகிற நாடகத்தை நிறுத்தி, கம்பியை மாட்டி, டேப்பைச் சுற்றி, நிரல் ஏறும்வரை சில நிமிடம் காத்திருந்து, ஒரு லிட்டர் என்று அடித்து, மறுபடி டேப்பில் பதிந்து வைக்க வேண்டும். காலண்டர் ஓரத்தில் ஒரு கோடு கிழிக்க அரை நொடி போதும். ஆக, இந்தக் கணினி பிறக்கும்போதே வேலையில்லாப் பட்டதாரி.

வேலையில்லாதவன் முதலில் பாடத்தான் செய்வான் என்பதற்கு வருடம் மாதத்தோடு ஆதாரம் இருக்கிறது. 1975 ஜனவரி 'பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்' பத்திரிகையின் அட்டையில் ஆல்டேர் 8800 வந்தது. பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பற்றவைத்துக் கோத்துக்கொள்ளலாம். திரை இல்லை, விசைப்பலகை இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. முகப்பில் வரிசையாகச் சுவிட்சுகள், சின்னச் சின்ன விளக்குகள், அவ்வளவுதான். கலிபோர்னியாவில் ஸ்டீவ் டாம்பியர் என்பவர் பக்கத்தில் ரேடியோவை வைத்துக்கொண்டு இதில் ஏதோ நிரலை ஓட்டியபோது ரேடியோ இரைந்தது. வேறொருவராக இருந்தால் ரேடியோவைத் தள்ளி வைத்திருப்பார். இவர் எந்தக் கணக்குக்கு எந்தச் சத்தம் என்று குறித்துக்கொண்டார். அந்த ஏப்ரலில் மென்லோ பார்க்கில் நடந்த ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் கூட்டத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், எண் எண்ணாகச் சுவிட்சைத் தட்டி ஏற்றினார். நடுவில் மின்சாரம் அறுந்து அத்தனையும் மறந்துபோக, மறுபடி முதலிலிருந்து. கடைசியில் மேலே வைத்திருந்த சாதாரண ரேடியோவில் பீட்டில்ஸின் 'ஃபூல் ஆன் தி ஹில்' மெட்டு கேட்டது. கூட்டம் ஆரவாரித்தது. கணினி செய்ததென்னவோ வெறும் கூட்டல் கழித்தல்தான், பாடியது அதன் மின்காந்தக் கசிவு. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால் நம் வீட்டு டிவியில் கோடு ஓடுமே, அந்த ஜாதிக் கோளாறு. அதை வைத்துக் கச்சேரி செய்யலாம் என்று தோன்ற, கையில் வேறு வேலை இல்லாமல் இருக்க வேண்டும்.

நம் ஊரில் பிள்ளை கெட்டுப்போனால் பெற்றவர்கள் சொல்லும் காரணம் ஒன்றே ஒன்று: சேர்க்கை சரியில்லை. வீட்டுக் கணினிக்கு இது அட்சரம் பிசகாமல் பொருந்தும். அலுவலகக் கணினி பீரோ, டைப்ரைட்டர், தலைமைக் கணக்கர் ஆகியோர் நடுவில் வளர்ந்தது. வீட்டுக் கணினியோ காசு மிச்சம் பிடிக்கத் திரைக்கு வீட்டு டிவியையும், நிரல் சேமிக்க டேப் ரிக்கார்டரையும் பிடித்துக்கொண்டது. இரண்டுமே கூடத்தில் உட்கார்ந்து நாள் முழுதும் ஆடிப் பாடுகிற ஆசாமிகள். பாட்டுக் கேசட்டும் நிரல் கேசட்டும் ஒரே டப்பாவில் கிடந்தால் நிரலும் பாட்டும் கலக்காமல் என்ன செய்யும்? நிரலை டேப்பில் போட்டுக் கேட்டால், சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஒருவர் ஊத, பக்கத்தில் இன்னொருவர் தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி இருக்கும். இதையும் இசைத்தட்டில் போட்டு விற்றார்கள். 1983-ல் பீட் ஷெல்லியின் 'எக்ஸ்எல்1' இசைத்தட்டின் கடைசியில் ஒரு ஸ்பெக்ட்ரம் நிரல் இருந்தது, ஏற்றி ஓட்டினால் பாட்டோடு சேர்ந்து வரிகளும் படங்களும் டிவியில் வரும். அதே வருடம் கிறிஸ் சீவி தன் 'கமோஃப்ளாஜ்' இசைத்தட்டின் மறுபக்கத்தில் இஸட்எக்ஸ்81 கணினிக்கான நிரல்களைப் பதிந்தார். பெல்கிரேட் வானொலியில் 'வென்டிலேட்டர் 202' நிகழ்ச்சியில் ஸோரான் மோட்லி இந்தக் கீறல் சத்தத்தையே ஒலிபரப்ப, யுகோஸ்லாவியப் பிள்ளைகள் டேப்பில் பிடித்துக் கணினியில் ஏற்றிக்கொண்டார்கள். தணிக்கைக்காரர் என்ன நினைத்திருப்பார் என்பதை நாமே யூகிக்க வேண்டியதுதான்.

டேப்பிலிருந்து விளையாட்டு ஏற நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் பையன் எழுந்து போய்விடக் கூடாதே என்று பிரிட்டனின் ஓஷன் நிறுவனம் மார்ட்டின் கால்வேயைக் கொண்டு கமடோருக்குக் காத்திருப்பு இசை ஒன்று போட வைத்தது. (இவர் உலகப் புகழ் பெற்ற புல்லாங்குழல்காரர் ஜேம்ஸ் கால்வேயின் உறவினர். சேர்க்கை வீட்டிலும் சரியில்லை.) ஏற்றிய விளையாட்டுகளில் பாதியை மறந்துவிட்ட ரசிகர்கள் ஏறும்போது ஒலித்த பாட்டை இன்றும் முணுமுணுக்கிறார்கள். வரிசையில் நிற்பவர்களுக்காக ரேஷன் கடையில் போட்ட பாட்டு, அரிசியைவிட அதிக நாள் நிலைத்த கதை இது.

கமடோர் 64-க்குள் இருந்த கதை இன்னும் சுவாரசியம். அதன் ஒலிச் சிப்பை வடிவமைத்தவர் பாப் யானஸ். எல்லாக் கணினிகளும் அப்போது கோழிக்குஞ்சு மாதிரிக் கீச்சிட்டுக்கொண்டிருந்தன. யானஸுக்குச் சிந்தசைசர் என்ற மின்னணு வாத்தியத்தின் மேல் பைத்தியம். விளையாட்டுப் பெட்டிக்குச் சத்தம் போட ஒரு சிப் கொடு என்று முதலாளி கேட்க, இவர் முழு சிந்தசைசர் ஒன்றையே சின்னதாக்கி உள்ளே வைத்துவிட்டார். அதன் பெயர் சிட், எண் 6581. பிற்பாடு இவரே என்சோனிக் என்ற சிந்தசைசர் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். அந்தச் சிப்புக்குக் குரல்கள் மூன்றுதான். மேளம், பாஸ், மெட்டு என்று மூன்றையும் கொடுத்துவிட்டால் சுருதி சேர்க்க ஆள் இல்லை. எனவே மூன்று சுரங்கள் சேர்ந்து ஒலிக்க வேண்டிய இடத்தில், ஒரே குரலை ஐரோப்பியக் கணினிகளில் நொடிக்கு 50 முறை சுரம் மாற்றி மாற்றிப் பாடவைத்தார்கள். பந்தியில் ஒரே ஆள் சாம்பார், ரசம், மோர் மூன்று வாளிகளையும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி. ஓட்டம் போதுமான வேகத்தில் இருந்தால் மூன்று பேர் பரிமாறுவதாகவே தோன்றும். ஆனால் ஒரு படபடப்பு இருக்கும் பாருங்கள், அதுதான் கமடோரின் குரல் என்று ஆகிவிட்டது.

இன்னொரு கூத்தும் உண்டு. சிட்டின் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கப் பதினாறு படிகள். படி மாற்றும்போதெல்லாம் சிப் 'டிக்' என்று ஒரு சத்தம் போடும். அது குறைபாடு. பழைய ரேடியோவில் திருகைத் திருப்பினால் கரகரக்குமே, அப்படி. அந்தப் படிகளை நொடிக்குப் பல ஆயிரம் முறை மாற்றினால் 'டிக்'குகளே சேர்ந்து நான்காவது குரலாகின்றன என்று கண்டுபிடித்தார்கள். அதில் நிஜ மேளச் சத்தத்தையும் பேச்சையும்கூடப் பதிந்து ஒலிக்கவைத்தார்கள். கால்வே 1987-ல் 'ஆர்க்கனாய்டு' விளையாட்டுக்கு இதைத்தான் செய்தார். பொறியாளர்களும் சும்மா இருக்கவில்லை. பின்னால் வந்த 8580 என்ற சிப்பில் அந்தக் குறைபாட்டைத் திருத்திவிட்டார்கள். உடனே மேளக்காரர் குரல் அமுங்கிப்போனது. ரசிகர்கள் கொதித்தார்கள். புதுச் சிப்பில் ஒரு ரெசிஸ்டரைப் பற்றவைத்துப் பழைய கோளாறைத் திரும்ப வரவழைத்துக்கொண்டார்கள். இதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். கால்குலேட்டர் வாங்கியவர் யாராவது அது தப்பாகக் கூட்டவில்லையே என்று கடைக்காரரிடம் சண்டை போட்டதுண்டா? கருவியாக இருந்தால் கோளாறைத் திருத்தச் சொல்வோம். வாத்தியமாகிவிட்டால் அதற்குப் பெயர் நாதம்.

சாட்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தவன் லேசி ஜோன்ஸ். 1984-ல் டேவிட் விட்டேக்கர் எழுதிய கமடோர் விளையாட்டின் நாயகன். ஹோட்டல் ஒன்றில் ஊழியன். வேலையைக் கண்டாலே பிடிக்காது. மேனேஜரின் கண்ணிலும், செத்துப்போன பழைய மேனேஜரின் ஆவியிடமும், ஆளில்லாமல் ஓடுகிற தள்ளுவண்டியிலும் சிக்காமல் அறை அறையாக நுழைந்து வீடியோ கேம் ஆடுகிறான். அறைக்கு ஒரு சின்ன விளையாட்டு, விளையாட்டுக்கு ஒரு சின்ன மெட்டு. அதில் 'ஸ்டார் டஸ்ட்' என்ற அறையின் மெட்டை எடுத்துத்தான் மியூனிக்கின் ஸோம்பி நேஷன் 1999-ல் 'கெர்ன்கிராஃப்ட் 400' என்ற பாட்டைப் போட்டது. பிரிட்டனில் அது இரண்டாம் இடம்வரை போனது, விட்டேக்கருக்குப் பிற்பாடு பணமும் கிடைத்தது. இன்று பென்சில்வேனியாவில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்திலும், பாஸ்டனில் ப்ரூயின்ஸ் ஐஸ் ஹாக்கி அணி கோல் போடும்போதும் அந்த மெட்டைத்தான் கூட்டம் கூட்டமாக ஓவென்று பாடுகிறார்கள். ஆயிரக்கணக்கான தொண்டைகள், அத்தனையும் வேலைக்கு டிமிக்கி கொடுத்த ஒரு ஹோட்டல் ஊழியனின் பாட்டு. அவன் ஒழுங்காக வேலை பார்த்திருந்தால் மைதானம் அமைதியாக இருந்திருக்கும்.

சினிமாக்காரர்கள் இந்தக் கணினியைப் புரிந்துகொள்ளவே இல்லை. அவர்களுக்கு அது மூளை. மூளை என்றால் பெரிய உத்தியோகம் கொடுத்தாக வேண்டும். 1983-ன் 'வார் கேம்ஸ்' படத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையன் வீட்டிலிருந்த இம்சாய் 8080 வழியாக ராணுவத்துக் கணினிக்குப் போன் போட்டு, மூன்றாம் உலகப் போரின் வாசலில் போய் நிற்கிறான். அடுத்த வருடம் 'டெர்மினேட்டர்' வந்தது. 2029-லிருந்து மனித குலத்தை அழிக்க வந்த இயந்திரத்தின் பார்வையில் சிவப்புத் திரையில் எழுத்துகள் ஓடும். நிறுத்திப் படித்தவர்களுக்குச் சிரிப்பு வந்தது. அது 6502 சிப்புக்கான நிரல், ஆப்பிள் II வைத்திருந்தவர்கள் பத்திரிகையைப் பார்த்து அடித்துக்கொண்ட சமாசாரம். இந்தக் கூட்டத்தில் 1984-ன் 'எலெக்ட்ரிக் ட்ரீம்ஸ்' ஒன்றுதான் விஷயம் தெரிந்த படம். ஒரு கட்டடக் கலைஞர் பூகம்பம் தாங்கும் செங்கல் வடிவமைக்கக் கணினி வாங்குகிறார். அது சூடேறிப் புகைய, பதறிப்போய் அதன் தலையில் ஷாம்பெயின் ஊற்றுகிறார். ஷாம்பெயின் குடித்த கணினி செங்கலை மறந்தது. சுவரிலிருக்கும் காற்றுக் குழாய் வழியாகக் கேட்கிற பக்கத்து வீட்டுப் பெண்ணின் செல்லோவோடு சேர்ந்து வாசித்தது. காதலிலும் விழுந்தது. விமர்சகர்கள் கற்பனைக் கதை என்றார்கள். நான் அதை ஆவணப்படம் என்பேன்.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும். "இதெல்லாம் சும்மா. வசதி குறைந்தால் கற்பனை பெருகும், மூன்று குரல்தான் இருந்தது, அதனால் நல்ல பாட்டு வந்தது" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்குப்படி ஐபிஎம் பிசியிலிருந்துதான் மகா சங்கீதம் வந்திருக்க வேண்டும். அதிலும் ஒரே ஒரு கீச்சுக் குழல்தான் இருந்தது. ஸ்பெக்ட்ரத்திலும் ஒன்றுதான். ஸ்பெக்ட்ரத்தின் அந்த ஒற்றைக் குழலில் டிம் ஃபாலின் பல வாத்தியம் ஒலிப்பதாக மயக்கினார். அதே காலத்து அலுவலக ஐபிஎம்மோ தப்பான பொத்தானை அழுத்தினால் 'பீப்' என்பதோடு தன் கலைவாழ்வை முடித்துக்கொண்டது. வறுமை இருவருக்கும் ஒன்றுதான், முதுகுக்குப் பின்னால் மேனேஜர் நின்றது ஒருவருக்கு மட்டும். நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 1984-ல் இந்திய அரசு கிளாஸ் என்ற திட்டத்தில் பள்ளிக்கூடங்களுக்கு பிபிசி மைக்ரோ கணினிகளைக் கொடுத்தது. நம் கணினி அறைகளின் மரபு தெரிந்ததுதானே: ஏசி, திரைச்சீலை, பூட்டு, வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், தொடுவதற்கு முன் சார் அனுமதி வேண்டும். பூஜையறைச் சாமானைத் தட்டித் தாளம் போட யாருக்குத் துணிச்சல் வரும்? அதே பிபிசி மைக்ரோவை இங்கிலாந்தில் எரேஷர் குழுவின் வின்ஸ் கிளார்க் தன் சிந்தசைசர்களுக்கு நட்டுவாங்கம் செய்ய உட்கார்த்தி, உலகமே ஆடிய பாட்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தார். நம் பக்கம் 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினியைப் பாடவைத்தார் என்றால், அது பள்ளிக்கூடத்துக்கு வெளியே, செருப்பைப் பற்றிக் கவலைப்படாத இடத்தில்.

இதைவிடக் கூர்மையான ஆட்சேபம் அட்டாரி எஸ்டி. 1985-ல் வந்த அந்தக் கணினியில் மிடி இணைப்புகள் பிறவியிலேயே இருந்தன. இரண்டு வருடம் முன்புதான் சிந்தசைசர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள மிடி என்ற பொது மொழி வந்திருந்தது. கம்பியை மாட்டினால் போதும், எல்லா வாத்தியமும் இதன் சொல்படி கேட்கும். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் ஸ்டுடியோ ஸ்டுடியோவாக நுழைந்தது, ஸ்டெயின்பெர்க்கின் கியூபேஸ் 1989-ல் பிறந்ததே இதில்தான். "வேலையில்லாததால் வாத்தியமானது என்றீரே, இது இசை வேலைக்கென்றே சம்பளத்துக்கு வந்த கணினி ஆயிற்றே?" நல்ல கேள்வி. ஆனால் எஸ்டி கொண்டாடப்பட்டது அதன் தாளக்கட்டுக்காக. மிடிக் கட்டளைகளை நேரம் தவறாமல் அனுப்பும், ஒரு இம்மிகூடப் பிசகாது என்பது பேச்சு. ஏன் பிசகவில்லை? அது ஒரு நேரத்தில் ஒரே ஒரு காரியம்தான் செய்யும். நடுவில் கடிதம் வந்திருக்கிறது, புதுப் பதிப்பு இறக்கட்டுமா, கடவுச்சொல்லை மாற்றி நாளாகிறது என்று தோளைத் தட்ட ஆளே இல்லை. பிற்காலக் கணினிகள் ஒரே சமயத்தில் நூறு வேலை பார்க்கின்றன. தாளம் போடுகிறவர் நடுவில் செல்போனில் பேசினால் கச்சேரி என்ன ஆகும்? கிளார்க்கைப் போலவே ஃபேட்பாய் ஸ்லிம்மும் தன் கிழட்டுக் கணினியை விடவில்லை, 1998-ல் உலகெங்கும் விற்ற அவருடைய இசைத்தொகுப்பு அட்டாரி எஸ்டியில்தான் உருவானது. பெரும்பாலான அலுவலகங்கள் அந்தக் கணினியை வேலைக்கு வைத்துக்கொள்ளவில்லை. பாவம், அதற்கு வேறு போக்கிடம் ஏது?

மூன்றாவது ஆட்சேபத்தைச் சொல்கிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு புன்னகையோடு சொல்வார்கள்: "இது ஐம்பது வயதுக்காரர்களின் பழைய நினைப்பு." ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். விளையாட்டின் பேரைச் சொன்னாலே கண் கலங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பாட்டு ஒரு சாக்கு. ஆனால் பாஸ்டன் மைதானத்தில் ஓவென்று கத்துகிற இருபது வயதுப் பையனுக்கு லேசி ஜோன்ஸ் யாரென்றே தெரியாது, அவனுக்கு என்ன பழைய நினைப்பு? கால்வின் ஹாரிஸ் 2007-ல் வெளியிட்ட தன் முதல் இசைத்தொகுப்பை அமிகா 1200-ல் போட்டார். அமிகா வரிசை அறிமுகமான 1985-ல் அவர் கைக்குழந்தை. அறிமுக விழாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் ஆண்டி வார்ஹோலை மேடையேற்றி, பாடகி டெபி ஹாரியின் படத்தை அமிகாவில் வரைய வைத்தார்கள். வியாபாரக் கணினி என்று விற்க வந்தவர்கள் மேடையில் ஒரு கணக்கரைக்கூட உட்கார வைக்கவில்லை! 2007-லேயே இன்னொரு சேதி. பாடகி நெல்லி ஃபர்டாடோவுக்கு இசைத் தயாரிப்பாளர் டிம்பலாண்ட் போட்டுக்கொடுத்த 'டூ இட்' பாட்டு, ஃபின்லாந்துக்காரர் யான்னே சூனி அமிகாவில் அமைத்து, 2000-ல் அங்கே அசெம்ப்ளி என்ற கணினி விழாப் போட்டியில் பரிசு வென்ற ஒரு மெட்டிலிருந்து வந்தது என்று புகார் கிளம்பியது. மெட்டின் கமடோர் வடிவத்தைத்தான் எடுத்தார்கள் என்றார்கள். அமெரிக்காவில் வழக்குப் போட்டால், உரிமையை அங்கே பதிவு செய்யவில்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள், 2012-ல் மேல்முறையீடும் தோற்றது. எடுத்தாரா இல்லையா என்பது வேறு. அமெரிக்காவின் முதல்தர இசைக்கூடத்துக்கும் கமடோர் மெட்டுக்கும் நடுவே இப்படி ஒரு வழக்கு வந்ததே, அதில் பழைய நினைப்பு எங்கே இருக்கிறது?

அப்படியானால் பழைய பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுவானேன், அதே சத்தத்தைத் தருகிற இலவச மென்பொருள்தான் இருக்கிறதே என்பது அடுத்தது. இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. ஆனால் அந்த மென்பொருளைத் திறந்தால் எந்தச் சிப்பின் குரல் வேண்டும், 6581-ஆ 8580-ஆ என்று கேட்கும். 6581 என்று சொன்னாலும் விவகாரம் தீராது. அதிலிருந்த ஃபில்டர் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறியது. ஒரு சிப்பில் கணீரென்று ஒலித்த பாட்டு இன்னொன்றில் கம்பளி போர்த்திக்கொண்டு பாடுவது போலிருக்கும். ஒரு மண், ஒரு சூளை, ஆனால் ஒரு கடத்தின் சுருதி இன்னொன்றுக்கு இராது என்று வித்வான்கள் நாலைந்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்களே, அதே பாடு. ஸ்வீடனின் எலெக்ட்ரான் நிறுவனம் 1999-ல் நிஜமான சிட் சிப்பையே உள்ளே வைத்து சிட்ஸ்டேஷன் என்ற சிந்தசைசரை விற்றது, சிப் கையிருப்பு தீர்ந்ததும் தயாரிப்பும் நின்றது.

இவ்வளவு வாதாடியபின் எதிர்க்கட்சிக்கு ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். இந்தக் கணினிகளில் வந்த பாட்டுகளில் பெரும்பாலானவை சகிக்காது. ஹை வோல்டேஜ் சிட் கலெக்‌ஷன் என்ற தொகுப்பில் கமடோர் பாட்டுகள் 50,000-க்கும் மேல் கிடக்கின்றன. ராப் ஹப்பர்டின் 'மான்டி ஆன் தி ரன்' கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு அடுத்ததை எடுத்தால், கொசுவுக்கும் அலாரத்துக்கும் கல்யாணம் நடக்கிற மாதிரி ஏதாவது ஒன்று கையில் வரும். ஆனால் உலகத்தில் தட்டப்பட்ட பானைகளில் எத்தனை கச்சேரிக்குப் போயின? வேலை போனவன் எல்லாம் பாடகன் ஆகிவிடுவதில்லை. பாடகன் ஆனவனுக்குப் பாட நேரம் இருந்தது என்று மட்டும்தான் சொல்கிறேன்.

இந்த வியாதி இப்போது கணினியோடு நிற்கவில்லை. 2008-ல் கிளாஸ்கோவின் ஜேம்ஸ் ஹூஸ்டன் ரேடியோஹெட் குழுவின் 'நியூட்' பாட்டுக்குக் காயலான் கடைப் பக்கவாத்தியம் சேர்த்தார். கித்தார் ஸ்பெக்ட்ரம், மேளம் ஒரு பழைய எப்சன் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், பாஸ் ஒரு ஸ்கேனர், பாடியது ஹார்ட் டிஸ்குகள். ஸ்வீடனின் லினுஸ் ஆகெசன் 2022-ல் இரண்டு கமடோர் 64-களை வலமும் இடமுமாக வைத்து ஓர் அக்கார்டியன் செய்தார், பெயர் கமடோர்டியன். அதற்குத் துருத்தி வேண்டுமே. அந்தக் காலத்தில் நிரல்களைச் சேமித்து வைத்த ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பிகளை டேப்பால் ஒட்டித் துருத்தியாக்கிவிட்டார். வீட்டுக் கணக்கு இருக்கவேண்டிய அந்த ஃபிளாப்பிகள் இப்போது காற்றுப் பிடிக்கின்றன.